கிருஷ்ணகிரி பஸ் நிலையத்தில் குழந்தைகளோடு இரவைக் கழிக்கும் பெண்ணுக்கு எப்படி உதவுவது?

முதலில் "பிள்ளைகள் சாப்பிட்டார்களா அம்மா?" என்று கேளுங்கள். துணிப்பையைத் தலையணையாக்கித் தூங்கும் பிள்ளையின் முன்னால் கணவனைப் பற்றித் துருவ வேண்டாம். அந்தப் பெண் சம்மதித்தால் பெண்கள் உதவி எண்ணான 181-ஐ அழையுங்கள். வன்முறைக்கு ஆளான பெண்களுக்காக அரசு நடத்தும் ஒருங்கிணைந்த சேவை மையத்தில் தற்காலிகத் தங்குமிடமும் சட்ட உதவியும் இலவசம். தனியாக நிற்கும் குழந்தை என்றால் குழந்தைகள் உதவி எண் 1098.

அடித்துத் துரத்தப்பட்டவருக்கும் அதே வீட்டில் வாழ 2005 குடும்ப வன்முறைச் சட்டம் உரிமை தருகிறது. இது பலருக்குத் தெரியாததுதான் என் வேதனை.

அக்கம்பக்கத்தாரின் வேலை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. வாடகைக்கு முன்பணம், ஓர் அடுப்பு, நான்கு பாத்திரம், வேலைக்குப் போகும்போது பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள். "ஆண் துணை இல்லாதவருக்கு வீடு கிடையாது" என்பவரிடம் ஊரறிந்த ஒருவர் உடன் சென்று பேசுங்கள். மாற்றுச் சான்றிதழ் இல்லையென்று எட்டாம் வகுப்பு வரை எந்த அரசுப் பள்ளியும் பிள்ளையைத் திருப்பி அனுப்பக் கூடாது. 2009 கல்வி உரிமைச் சட்டத்தைச் சொல்லிக் கேளுங்கள்.