தலைப்பிரட்டையும் பூச்சிமருந்தும்: கேட்டதும் சொன்னதும்

கேள்வி (ஈசூன், சிங்கப்பூர்): அண்ணே, எங்கள் சமூகத் தோட்டத் தொட்டியில் தலைப்பிரட்டைகள் நிறைய. பக்கத்துப் பாத்தியில் யாரோ மருந்து அடித்த மறுநாள் எல்லாம் வெட்டி இழுத்துக்கொண்டு வட்டமடிக்கின்றன. தண்ணீரை மாற்றலாமா?

பதில்: உடனே மாற்றுங்கள். ஆனால் குழாய்த் தண்ணீரை நேராக ஊற்றாதீர்கள். சிங்கப்பூர்க் குழாய்நீரில் குளோரமின் என்ற கிருமிநீக்கி இருக்கிறது. ஒரு ராத்திரி திறந்து வைத்தாலும் அது போகாது. மீன் கடையில் விற்கும் குளோரின் நீக்கியைக் கலக்க வேண்டும், இல்லையென்றால் மழைநீர். வெட்டி இழுப்பதைப் பார்த்தால் நரம்பைத் தாக்கும் மருந்து போலிருக்கிறது. ஆர்கனோபாஸ்பேட், கார்பமேட் வகைப் பூச்சிமருந்துகள் கோலினெஸ்டரேஸ் என்ற நொதியை முடக்கிவிடும்; அப்புறம் தசைக்குப் போகும் உத்தரவு நிற்காது. கொசுப்புகையில் கலக்கும் பைரெத்ராய்டுகளும் தலைப்பிரட்டைக்கு ஆகாது. புகை அடிக்கும்போது தொட்டியை மூடி வையுங்கள்.

கேள்வி (உட்லண்ட்ஸ்): தஞ்சாவூரில் அப்பா களைக்கொல்லி மட்டும்தான் அடிக்கிறார். அது செடிக்கான விஷம்தானே?

பதில்: கிளைபோசேட்டைச் சொல்கிறீர்கள் என்றால், பாதி சரி. அது இலையில் ஒட்டுவதற்காகச் சில தயாரிப்புகளில் கலக்கும் திரவம், கிளைபோசேட்டைவிடத் தலைப்பிரட்டைக்குக் கொடியது, செவுளைச் சிதைக்கும். புட்டியின் முகப்பில் இருக்கும் பெயரை மட்டும் பார்த்தால் இது தெரியாது.

கேள்வி (ஜூரோங்): துளியூண்டு கலந்தால்கூடவா ஐயா ஆபத்து? செத்து மிதக்காதவரை நல்லதுதானே?

பதில்: இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். 2008இல் அமெரிக்க ஆய்வாளர் ரிக் ரெல்யேயாவும் இன்னொருவரும் வெளியிட்ட சோதனை இது. குளம் போல அமைத்த தொட்டிகளில் மாலத்தியான் என்ற பூச்சிமருந்தை மிகக் குறைவாக விட்டார்கள். தலைப்பிரட்டை நேராகச் சாகவில்லை. செத்தவை நீரில் மிதக்கும் நுண்பூச்சிகள். அவை போனதும் அவை தின்றுவந்த மிதக்கும் பாசி பெருகி, தண்ணீர் பச்சையாகி, அடியில் வெளிச்சம் குறைந்தது. அடியில் படியும் பாசிதான் தலைப்பிரட்டையின் சோறு. சோறு குறைந்தது, வளர்ச்சி மந்தமானது. சிறுத்தைத் தவளை என்ற இனத்தின் குஞ்சுகளில் பல, கால் முளைத்துக் கரையேறுவதற்குள் தண்ணீர் வற்றியதால் செத்தன. அதைவிட வியப்பு என்னவென்றால், வாரம் ஒருமுறை லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் விட்ட தொட்டிகள், ஒரே தடவையில் 250 விட்டவற்றைவிட மோசமாகப் பாதிக்கப்பட்டன. தாராளமாக ஒருமுறை அடிப்பதைவிடக் கொஞ்சம் கொஞ்சமாக அடிப்பது நல்லது என்று நினைப்பவர்கள் இதைக் கவனியுங்கள்.

கேள்வி (பிடோக்): அட்ரசின் என்ற களைக்கொல்லி ஆண் தவளையைப் பெண்ணாக்கும் என்பது கதையா?

பதில்: கதையில்லை, சர்ச்சை. அமெரிக்க உயிரியலாளர் டைரோன் ஹேய்ஸ் குழு 2010இல் வெளியிட்ட ஆய்வில், லிட்டருக்கு 2.5 மைக்ரோகிராம் அட்ரசினில் வளர்ந்த ஆப்பிரிக்க நகத்தவளை ஆண்களில் பத்தில் ஒன்று முட்டையிடும் பெண்ணாகவே மாறியது. வேறு சோதனைகளில் அப்படி வரவில்லை என்று தயாரிப்பாளர் தரப்பு சொல்லும். என் கணக்கில் சந்தேகத்தின் பலன் தவளைக்குத்தான்.

கேள்வி (செங்காங்): வேப்பெண்ணெய் அடித்தால் பயமில்லையே அக்கா?

பதில்: அண்ணன் என்று கூப்பிட்டாலும் பதில் இதுதான்: செடிக்கு அடியுங்கள், தொட்டிக்குள் விழவிடாதீர்கள். இயற்கையானது என்பதற்காக அது செவுளைச் சும்மா விடாது.

கேள்வி (கேலாங்): அப்போ தவளைக் கஞ்சி?

பதில்: பண்ணையில் வளர்த்த தவளை அது, வயலில் பிடித்ததில்லை. சாப்பிடுங்கள், இஞ்சி கூடுதலாகக் கேளுங்கள்.