பசி, போதை, காமம், தூக்கம்: ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கேள்வி பதில்

நான் புதுச்சேரியில் மருத்துவ மாணவர்களுக்கு உடலியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள். இந்த நான்கையும் ஏன் ஒரே நாளில் சேர்த்துப் பேசுகிறோம் என்று சிலர் கேட்டிருந்தீர்கள். நான்குக்கும் கடிவாளம் மூளையின் அடிப்பகுதியில்தான் இருக்கிறது: ஏறத்தாழ 4 கிராம் எடையுள்ள ஹைப்போதலாமஸும் அதை ஒட்டிய பழைய பகுதிகளும். ஒன்றைத் தொட்டால் மற்றதும் அசையும். இன்னொன்று: தைராய்டு ரிப்போர்ட், சர்க்கரை ரிப்போர்ட் எதையும் படம் எடுத்து அனுப்பாதீர்கள். அதைப் பார்த்து மருந்து சொல்வது உங்கள் டாக்டரின் வேலை.

நெல்லித்தோப்பு வாசகி: அமாவாசை விரதத்தன்று மதியம் 1 மணிக்குக் கண்ணைக் கட்டுகிற பசி. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டால் 3 மணிக்குப் பசியே இல்லை. வயிறு காய்ந்துபோய்விட்டதா?

வயிறு காயவில்லை அம்மா. 1 மணி என்பது நீங்கள் தினமும் சாப்பிடும் நேரம். இரைப்பையின் மேல் பகுதியில் கிரெலின் என்ற ஹார்மோன் சுரக்கிறது. 1999ல் ஜப்பானில் கோஜிமா, கங்காவா குழுவினர் இதைக் கண்டுபிடித்தார்கள். நீங்கள் வழக்கமாகச் சாப்பிடும் நேரத்துக்குச் சற்று முன்பே இது ரத்தத்தில் ஏறத் தொடங்கும். சாப்பிட்டால் இறங்கும். சாப்பிடாவிட்டாலும் ஒன்றிரண்டு மணி நேரத்தில் தானாக இறங்கிவிடும். உங்கள் 3 மணி நிம்மதிக்குக் காரணம் இதுதான். உடம்பில் சத்து தீர்ந்ததும் பசிக்கிறது என்று நினைக்கிறோம். பாதிப் பசி கடிகாரப் பசி.

கிரெலின் போய்ச் சேரும் இடம் ஹைப்போதலாமஸில் ஆர்க்குவேட் என்ற சிறிய நரம்புக்கூட்டம். அங்கே ஏஜிஆர்பி வகை செல்கள் சாப்பிடச் சொல்லும், பிஓஎம்சி வகை செல்கள் போதும் என்று சொல்லும். சுண்டெலியின் மூளையில் முதல் வகையை மட்டும் ஒளி பாய்ச்சித் தூண்டிப் பார்த்திருக்கிறார்கள். வயிறு நிறையச் சாப்பிட்ட எலி, சில நிமிடங்களில் மறுபடியும் தின்ன ஆரம்பிக்கிறது. அந்த எலியை யாரும் பேராசை பிடித்தது என்று சொல்வதில்லை. பருமனான குழந்தையைக் கல்யாணப் பந்தியில் வைத்து எல்லோர் முன்னாலும் சொல்கிறோம். அது எனக்குப் பொறுக்கவே பொறுக்காது.

இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள் டாக்டரிடம் கேட்காமல் முழுநாள் விரதம் இருக்க வேண்டாம்.

லாஸ்பேட்டை வாசகர்: கஷ்டப்பட்டு எடை குறைத்தேன், திரும்ப ஏறிவிட்டது. எனக்கு மனக்கட்டுப்பாடு இல்லையா?

1994ல் ஃப்ரீட்மேன் குழு கண்டுபிடித்த லெப்டின் என்ற ஹார்மோன் கொழுப்பிலிருந்து சுரக்கிறது. கொழுப்பு குறைந்தால் லெப்டினும் குறையும். மூளை அதைப் பஞ்சம் என்று எடுத்துக்கொண்டு பசியைக் கூட்டும், உடம்பின் சக்திச் செலவைக் குறைக்கும். இழந்ததை மீட்கும் வேலையை உடம்பு மாதக்கணக்கில் செய்யும் தம்பி. வேகமாகக் குறைக்காதீர்கள், தூக்கத்தைக் குறைக்கவே குறைக்காதீர்கள்.

நெய்வேலி வாசகர்: ஷிப்ட் வேலை. நைட் ஷிப்ட் வாரத்தில் விடிகாலை 3 மணிக்கு பரோட்டா கேட்கிறது வாய். பகலில் படுத்தால் நான்கு மணி நேரம்கூடத் தூங்க முடியவில்லை.

சார், உங்கள் கேள்வியில் பசியும் தூக்கமும் கலந்தே இருக்கின்றன. சிகாகோ பல்கலைக்கழகத்தில் 12 இளைஞர்களை இரண்டு இரவு 4 மணி நேரம் மட்டும் தூங்கவிட்டு, 10 மணி நேரம் படுக்கவிட்ட இரவுகளோடு ஒப்பிட்டார்கள். 2004ல் வந்த ஆய்வு. லெப்டின் 18% குறைந்தது, கிரெலின் 28% ஏறியது, மாவும் இனிப்பும் உப்பும் வேண்டும் என்ற ஆசை கூடியது. உங்கள் பரோட்டா அந்தக் கணக்கில்தான் வருகிறது.

தூக்கத்தை இரண்டு விஷயங்கள் நடத்துகின்றன. ஒன்று, விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் சேரும் அடினோசின் என்ற தூக்கம் வரவைக்கும் ரசாயனம். காபி செய்வது அந்த அடினோசின் உட்காரும் இடத்தில் தான் போய் உட்காருவது; குடித்து ஐந்து மணி நேரம் கழித்தும் ஏறத்தாழ பாதி காஃபின் உடம்பில் இருக்கும். இரண்டாவது, ஹைப்போதலாமஸில் கண் நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்கு மேலே உள்ள கடிகாரம். சுமார் 20,000 நரம்பு செல்கள். கண்ணில் விழும் வெளிச்சத்தைப் பார்த்து நேரம் சரிசெய்துகொள்ளும். நைட் ஷிப்ட் முடிந்து காலை 6 மணிக்கு வெயிலில் வண்டி ஓட்டி வீடு வருகிறீர்கள். அடினோசின் தூங்கச் சொல்கிறது, கடிகாரம் விடிந்துவிட்டது என்கிறது. நான்கு மணி நேரத்தில் அடினோசின் ஓரளவு வடிந்ததும் கடிகாரம் ஜெயிக்கிறது.

செய்யக்கூடியவை: ஷிப்டின் பின்பாதியில் காபி, டீ வேண்டாம். படுக்கும் அறையில் கனத்த துணியால் ஜன்னலை அடையுங்கள், விளிம்பில் கசியும் வெளிச்சத்தையும் சேர்த்து. ஷிப்டுக்குக் கிளம்புவதற்கு முன் ஒரு தூக்கம் போடுங்கள். விடிகாலை 3 முதல் 5 வரை உடம்புச் சூடு மிகக் குறைவாக இருக்கும் நேரம். கவனம் தவறுவது அப்போதுதான் அதிகம். கண் சொக்கினால் வடலூர் சாலையில் பைக்கை எடுக்காதீர்கள், பஸ்ஸில் வாருங்கள்.

அரியாங்குப்பம் வாசகர்: தூக்கம் வர நல்ல மாத்திரை பெயர் ஒன்று சொல்லுங்கள் மேடம்.

சொல்ல மாட்டேன். மெடிக்கலில் சீட்டு இல்லாமல் வாங்கும் அல்பிரசோலம் வகை மாத்திரைகளுக்கு உடம்பு சில வாரங்களிலேயே பழகிவிடும். திடீரென்று விட்டால் வலிப்புகூட வரலாம். ஏற்கெனவே சாப்பிடுபவர்கள் தாமாக நிறுத்தாதீர்கள், டாக்டர் மெல்ல மெல்லக் குறைக்கட்டும்.

கடலூர் முதுநகர் வாசகி: வீட்டுக்காரர் 14 வருஷமா தினமும் குடிக்கிறார். அவருக்குத் தெரியாம சாப்பாட்டுல கலந்து குடுத்தா குடியை நிறுத்திடும்னு ஒரு பொடி விக்கறாங்க. குடுக்கலாமா?

வேண்டாம் அம்மா. தயவுசெய்து வேண்டாம். இப்படி விற்கும் பொடியில் என்ன இருக்கிறது என்று உங்களுக்கும் தெரியாது, விற்பவர் சொல்லவும் மாட்டார். டைசல்ஃபிராம் என்ற நிஜமான மருந்து ஒன்று உண்டு. சாராயம் உடம்பில் அசிட்டால்டிஹைடாக மாறும். அதை அடுத்த கட்டத்துக்குப் போகவிடாமல் இந்த மருந்து தடுக்கும். மருந்து உள்ளே இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வந்து, பிரஷர் சரியும். உயிரே போகலாம். குடிப்பவருக்குத் தெரிந்து, அவர் சம்மதித்து, டாக்டர் பார்வையில் மட்டுமே கொடுக்க வேண்டிய மருந்து. தெரியாமல் கலந்தால் அவர் வழக்கம்போலக் குடிப்பார். அதன் பிறகு நடப்பது உங்கள் தலையில் விழும்.

பாகூர் வாசகர்: எங்க சித்தப்பா வருஷம் முழுக்கக் குடிப்பார். ஐயப்பனுக்கு மாலை போட்டா ஒரு மண்டலம் தொட மாட்டார். மாலையைக் கழட்டின அன்னைக்கே கடையில நிப்பார். அப்ப இது வியாதியா, திமிரா?

இன்றைக்கு வந்த கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது இது. மாலை போட்டதும் அவரைச் சுற்றி என்னென்ன மாறுகிறது என்று பாருங்கள். ஊரே சாமி என்று கூப்பிடுகிறது. யாரும் கிளாஸை நீட்டுவதில்லை. விடியலில் பச்சைத் தண்ணீர்க் குளியல். குடிக்கும் அதே சாயங்கால நேரத்தில் பஜனை. உடை வேறு, சாப்பாடு வேறு, கூட இருக்கும் ஆட்கள் வேறு.

மூளை ஆய்வாளர் வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளிடம் பார்த்தது இது: முதலில் ஜூஸ் நாக்கில் பட்டதும், டோபமைன் என்ற ஆசையைத் தூண்டும் ரசாயனத்தைச் சுரக்கும் மூளை செல்கள் துடிக்கும். ஜூஸுக்கு முன் ஒரு அடையாளத்தைக் காட்டிப் பழக்கினால், பிறகு அடையாளத்தைப் பார்த்ததுமே துடிக்கும். ஜூஸ் வரும்போது சும்மா இருக்கும். கடலூரிலிருந்து வரும் பஸ் புதுச்சேரி எல்லையில் முள்ளோடையில் நிற்கிறது. வரிசையாகச் சாராயக் கடை விளக்குகள், நெகிழி கிளாஸ், வறுத்த கடலை வாசனை. ஒரு சொட்டு உள்ளே போகும் முன்பே உங்கள் சித்தப்பாவின் மூளை பாதி வேலையை முடித்துவிடுகிறது. மாலை அந்த அடையாளங்களை ஒரு மண்டலம் மறைத்து வைத்தது, அழிக்கவில்லை.

வியட்நாமில் ஹெராயினுக்கு அடிமையான அமெரிக்கச் சிப்பாய்களை லீ ராபின்ஸ் 1970களில் தொடர்ந்து கவனித்தார். ஊர் திரும்பிய முதல் வருடத்தில் மறுபடி அடிமையானவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர் அளவுக்குத்தான். இடமும் ஆளும் மாறியது அவ்வளவு வேலை செய்தது. உங்கள் சித்தப்பா மாலையைக் கழற்றி அதே தெருவுக்கு, அதே நண்பர்களிடம் திரும்பி வருகிறார்.

வில்லியனூர் வாசகர்: வியாதி என்று சொன்னால் பொறுப்பு போய்விடும். சர்க்கரை வியாதிக்காரர் எவரும் மனைவியின் தாலியை அடகு வைப்பதில்லை. ஒரு மண்டலம் முடிகிறவனுக்கு ஒரு வருடம் ஏன் முடியாது?

உங்கள் கோபம் நியாயமானது ஐயா. தாலி அடகு போன வீட்டில் இந்த விளக்கம் யாருக்கும் ஆறுதல் தராது. ஆனால் உங்கள் முடிவு சரியில்லை. வியாதி என்றால் சிகிச்சைக்குப் போகும் பொறுப்பு கூடுகிறதே தவிரக் குறைவதில்லை. திட்டியும் சத்தியம் வாங்கியும் பார்த்த வீடுகள் நம் பகுதியில் எத்தனை? பலன் இருந்திருந்தால் அந்தக் கடைகள் வரிசையாக நிற்காது.

முத்தியால்பேட்டை வாசகி: எங்க அப்பா கடைசி காலத்துல, பிடிக்கவே இல்லம்மா, ஆனா குடிக்காம இருக்க முடியலன்னு அழுவார். நடிக்கிறார்னு நினைச்சோம்.

நடிப்பு இல்லை அம்மா. வேண்டும் என்ற உந்துதலும் பிடிக்கிறது என்ற இன்பமும் மூளையில் தனித்தனிச் சுற்றுகள் என்று மூளை ஆய்வாளர் கென்ட் பெரிட்ஜ் காட்டினார். போதையில் முதலாவது வளர்ந்துகொண்டே போகும், இரண்டாவது தேயும். உங்கள் அப்பா சொன்னது உண்மை.

வில்லியனூர் வாசகர்: அப்படியானால் எல்லாம் பரம்பரை, யாரும் எதுவும் செய்ய முடியாது என்கிறீர்களா?

நான் சொல்லாததைச் சொன்னதாக வைக்காதீர்கள். குடிநோயில் மரபணுவின் பங்கு ஏறத்தாழ பாதி. மீதிப் பாதி சூழல், வயது, கையில் கிடைப்பது. நால்ட்ரெக்ஸோன் மாதிரி ஆசையைத் தணிக்கும் மருந்துகளும் இருக்கின்றன. கோரிமேட்டில் ஜிப்மர் மனநலப் பிரிவுக்குப் போகலாம், டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416ல் தமிழில் பேசலாம்.

மாலை போடுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை, இதை மட்டும் எல்லோருக்கும் அனுப்புங்கள். தினமும் குடிப்பவரின் மூளை சாராயத்தின் அமுக்கத்துக்கு எதிராகத் தன்னை முடுக்கி வைத்திருக்கும். காபா என்ற அடக்கும் ரசாயனத்துக்குச் செவி மங்கிவிடும், குளூட்டமேட் என்ற தூண்டும் ரசாயனத்துக்குக் கூர்மை கூடிவிடும். சாராயத்தைத் திடீரென்று நிறுத்தினால் முடுக்கம் மட்டும் மிஞ்சும். 6 மணி நேரத்திலேயே கை நடுங்கும். முதல் இரண்டு நாளில் ஃபிட்ஸ் வரலாம். இரண்டு மூன்று நாளில் ஆள் குழம்பி, இல்லாத பூச்சியை வேட்டியிலிருந்து தட்டிக்கொண்டே இருப்பார். கார்த்திகை முதல் தேதி மாலை போட்டு மூன்றாம் தேதி இப்படி ஆனால் அது சாமிக் குற்றம் இல்லை. பூசாரியிடம் கூட்டிப் போகாதீர்கள், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். சித்தப்பா விரதத்துக்கு முன்பே டாக்டரைப் பார்க்கட்டும்.

வில்லியனூர் ஐயாவிடமிருந்து இன்னும் இரண்டு கேள்விகள் வந்திருக்கின்றன. இரண்டும் திமிர் பற்றியவை. பதில் சொல்லிவிட்டேன்.

பெயர் சொல்லாத இளைஞர், திருப்பாதிரிப்புலியூர்: மேடம், உங்களிடம் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. சுய இன்பத்தால் விந்து வீணாகி நரம்பு தளர்ந்துவிட்டது. லாட்ஜில் வரும் பரம்பரை வைத்தியர் ஒரு மண்டல மருந்துக்குப் பெரிய தொகை கேட்கிறார்.

கூச்சப்படாதே தம்பி, முப்பது மாணவர்கள் முன்னால் பலகையில் படம் போட்டு நடத்திய பாடம் இது. விந்தில் பெரும்பகுதி விந்துப்பையும் புராஸ்டேட்டும் சுரக்கும் நீர். விந்தணு அதில் மிகச் சிறிய பங்கு. அது ரத்தத்திலிருந்து வடிந்து வருவதில்லை. உடம்பு தினமும் புதிதாக உண்டாக்குகிறது. இதனால் நரம்பு தளராது. இந்தப் பயமே உடம்பு வலியாக, களைப்பாக வருவதை டாக்டர் விக் 1960ல் தாது நோய்க்குறி என்று பெயர் வைத்து எழுதினார். பயத்துக்குத்தான் சிகிச்சை தேவை. காலையில் விழிக்கும்போது விறைப்பு இருக்கிறதா? இருந்தால் நரம்பும் ரத்த ஓட்டமும் நன்றாக இருக்கின்றன. கனவுத் தூக்கத்தில் இயல்பாக நடப்பது அது. லாட்ஜுக்குப் போகாதே, பணத்தைக் கொடுக்காதே.

தவளக்குப்பம் வாசகி, 47 வயது: ஆசையே போய்விட்டது. கணவருக்கு என் மேல் சந்தேகம் வருகிறது.

மாதவிடாய் நிற்கும் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் குறைந்து உறுப்பு உலர்ந்துபோகும். வலித்தால் மூளை விலகத்தான் செய்யும். மேலே பூசும் ஹார்மோன் கிரீம் நல்ல பலன் தரும். பெண்கள் மருத்துவரிடம் வெளிப்படையாகக் கேளுங்கள். மனச்சோர்வு மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால் அதையும் சொல்லுங்கள், சில மாத்திரைகள் ஆசையைக் குறைக்கும். இந்தப் பதிலைக் கணவருக்கும் காட்டுங்கள்.

உழவர்கரை வாசகர்: ஒரு நாள் போனைத் தொடாமல் இருந்தால் டோபமைன் சுத்தமாகிவிடுமா?

ஆகாது. டோபமைன் அழுக்கு இல்லை, கை கால் அசையவும் அதுதான் வேண்டும். போனை வேறு அறையில் வைத்துவிட்டுத் தூங்குங்கள், அது போதும்.

பண்ருட்டி வாசகர்: விழிப்பு வந்தும் அசைய முடியவில்லை, நெஞ்சில் யாரோ உட்கார்ந்த மாதிரி.

அமுக்குவான் பேய் என்று ஊரில் சொல்வது. கனவுத் தூக்கத்தில் மூளை தசைகளைக் கட்டிவைக்கும். விழிப்பு வந்தும் கட்டு அவிழச் சில நொடிகள் தாமதமாகிறது. ஆபத்து இல்லை. தூக்கம் கெட்டவர்களுக்கும் மல்லாந்து படுப்பவர்களுக்கும் அதிகம் வரும்.

வேறு மூவர்: தூக்க மாத்திரை பெயர்.

அரியாங்குப்பத்துக்குச் சொன்னதைப் படியுங்கள்.

கடலூர் முதுநகர் வாசகி, மறுபடியும்: உங்க பதிலை அவர்கிட்ட படிச்சுக் காட்டினேன். நிறுத்தறேன்னு ஒத்துக்கிட்டார். நேத்து ராத்திரி 9 மணிக்குக் கடைசியா குடிச்சது. இப்ப கை நடுங்குது, வேர்க்குது. நாளைக்கு ஓ.பி.ல காட்டட்டுமா?

நாளைக்கு வேண்டாம் அம்மா, இப்போதே கிளம்புங்கள். கடலூர் அரசு தலைமை மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். வண்டி இல்லாவிட்டால் 108. டாக்டரிடம் நான்கு விஷயம் சொல்லுங்கள்: 14 வருடம் தினமும் குடித்தது, ஒரு நாளைக்கு எவ்வளவு என்பது, கடைசியாகக் குடித்தது நேற்று இரவு 9 மணி, முன்பு எப்போதாவது ஃபிட்ஸ் வந்ததா என்பது. சாப்பிடாமல் குடித்தவர்களுக்குத் தயமின் சத்து குறைந்திருக்கும். குளுக்கோஸ் ஏற்றும்போது தயமின் ஊசியும் போடுவார்களா என்று கேளுங்கள், கேட்பதில் தவறில்லை. அவரைத் தனியாக விடாதீர்கள், வழியில் கடை வந்தால் பக்கத்திலேயே இருங்கள். போய்ச் சேர்ந்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். மற்றவர்களின் கேள்விகள் அடுத்த வாரம்.