கடைவீதியில் கண்ட பழைய கார்கள்: வாசகர் கேள்வி – பதில்

கடலூர், புதுச்சேரிப் பக்கம் வேலையாகப் போகும்போதும் வரும்போதும் கண்ணில் பட்ட பழைய கார்கள் பற்றி வாசகர்கள் கேட்டவற்றில் சில.

மஞ்சக்குப்பம் வாசகர்: காய்கறி வாங்கப் போகிற வழியில் ஒரு அம்பாசிடர் தினமும் நிற்கிறது. உரிமையாளர் ‘மார்க் 2’ என்கிறார். பக்கத்து டீக்கடைக்காரர் ‘மார்க் 4’ என்று சாதிக்கிறார். வெளியில் நின்றபடியே கண்டுபிடிக்க முடியுமா?

இருவரும் ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கிரில்லைப் பார்த்துத்தான் பேசுகிறார்கள் போலிருக்கிறது. அம்பாசிடரில் நம்பவே கூடாத பாகம் அதுதான். ஸ்பேனர் இருந்தால் கழற்றி மாட்டிவிடலாம். விபத்தில் நசுங்கியதற்குப் பதிலாகக் காயலான் கடையில் கிடைத்ததை மாட்டியிருப்பார்கள். அழகுக்காகப் பழைய மாடல் கிரில்லைத் தேடிப்பிடித்து மாட்டுபவர்களும் உண்டு.

முதலில் கணக்கு. மார்க் 1 வந்தது 1950களின் கடைசியில். பானெட்டின் மேல் குழி விழுந்தது போன்ற அச்சு இருந்தால் அது அந்தக் காலத்து வண்டி. 1962இல் மார்க் 2 வந்தது. அதன் கிரில் சின்னச் சின்னக் கட்டங்களாக நெருக்கமாக இருக்கும். 1975இல் வந்த மார்க் 3இல் கிரில் படுக்கைவாட்டுப் பட்டைகளாகவும், முன்பக்கப் பார்க்கிங் விளக்கு வட்டமாகவும் மாறின. 1979இல் மார்க் 4. கிரில் சிறுத்தது, கட்டங்கள் பெரிதாயின, பார்க்கிங் விளக்கு சதுரமானது, இண்டிகேட்டர் தனியாகப் பிரிந்தது.

இதில் விளக்கையும் பானெட்டையும் நம்புங்கள். விளக்கின் வடிவத்தை மாற்றத் தகரத்தில் கை வைக்க வேண்டும், அதற்கு டிங்கரிங் செலவு உண்டு, சும்மா யாரும் செய்ய மாட்டார்கள். சதுர விளக்கு அங்கே இருந்தால் டீக்கடைக்காரர் பக்கம்தான் நியாயம். ஜன்னல் வழியே கியரையும் பாருங்கள். ஸ்டீரிங்கை ஒட்டிய கை கியர் பல மாடல்களுக்குப் பொது, அதை வைத்து எதுவும் முடிவு செய்ய முடியாது. தரையில் ஐந்து கியர் இருந்தால் மட்டும், 1990களில் வந்த இசுசு இன்ஜின் 1800 மாடல் என்று சந்தேகிக்கலாம். அதிலும் பழைய கூண்டுக்குள், அதாவது பழைய பாடிக்குள், புது இன்ஜினை இறக்கியவர்கள் இருக்கிறார்கள். கடைசித் தீர்ப்பு ஆர்.சி. புக்கும், பானெட்டுக்குள் இருக்கும் தகடும்தான். அவை இரண்டும் ஒத்துப்போக வேண்டும்.

முத்தியால்பேட்டை வாசகர்: மருந்துக்கடை வாசலில் நாலு கதவு ஹெரால்டு பார்த்தேன். இங்கிலாந்து ட்ரையம்ஃப் ஹெரால்டுக்கு இரண்டு கதவுதானே? இது பட்டறை வேலையா?

இல்லை. நாலு கதவு ஹெரால்டு நம் ஊருக்கே உரியது. சென்னையை அடுத்த வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் தொழிற்சாலை 1961 முதல் ஹெரால்டு தயாரித்தது. தொடக்கத்தில் இரண்டு கதவு. டாக்சிக்கும் குடும்பத்துக்கும் அது தோதுப்படாததால் மார்க் 3இல் நாலு கதவாக்கினார்கள். இங்கிலாந்தில் அப்படி ஒன்று வரவே இல்லை. ஆகவே நீங்கள் பார்த்தது அபூர்வம். வெளிநாட்டுக்காரர் பார்த்தால் அவர்தான் நின்று படமெடுப்பார்.

அடுத்த முறை பார்த்தால் பின்னால் நின்று சக்கரங்களைக் கவனியுங்கள். ஹெரால்டின் பின்பக்கம் ஒரே ஒரு பட்டை ஸ்பிரிங் குறுக்காகப் போகிறது, இரண்டு சக்கரமும் தனித்தனியாக ஆடும். ஸ்பிரிங் தளர்ந்துவிட்டால் ஆள் ஏறாமலேயே சக்கரங்களின் தலை உள்பக்கம் சாய்ந்திருக்கும். ஜாக்கி போட்டுத் தூக்கினாலோ சக்கரங்களின் அடிப்பாகம் உள்ளே மடங்கும். அது கோளாறல்ல, அமைப்பே அப்படித்தான். அதே நிறுவனத்திலிருந்து 1972இல் வந்த கெசல் பார்வைக்கு ஹெரால்டின் தம்பி. அதில் பின்பக்கம் ஒற்றை அச்சு, சக்கரம் நேராக நிற்கும். இரண்டையும் தூரத்திலிருந்து பிரிக்க இதைவிட எளிய வழி கிடையாது.

பானெட் மட்கார்டோடு சேர்ந்து முழுசாக முன்னால் சாயும். முன்சக்கரத்தை எவ்வளவு தூரம் திருப்பலாம் என்பதையும் பாருங்கள்: 25 அடி வட்டத்துக்குள் வண்டி திரும்பிவிடும். நம் பழைய தெருக்களில் ஆட்டோவுக்கு ஈடு கொடுக்கிற கார் அது.

உரிமையாளர் பழக்கமானால் ஒன்று கேளுங்கள்: முன்சக்கரத்தின் அடியில், சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துக் கம்பி திரும்புகிற மரை மூட்டான ட்ரனியனுக்கு என்ன ஊற்றுகிறார் என்று. அதற்கு இ.பி. 90 கியர் ஆயில்தான். கிரீஸ் கன்னைப் பிடித்து அடிப்பதுதான் நம் பட்டறைகளின் பழக்கம். கிரீஸ் மரைக்குள் கட்டியாக உட்கார்ந்துகொள்ளும், பரவாது, இடுக்கில் தண்ணீர் நிற்கும், மரை தேயும். ஒருநாள் திருப்பத்தில் செங்குத்துக் கம்பி முறிந்து சக்கரம் மடங்கிவிடும். ஓரமாக மடங்கிக் கிடக்கும் ஹெரால்டு பலவற்றுக்கு இதுதான் காரணம்.

வைசியாள் வீதி வாசகி: பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன கார் என்று எங்கள் பகுதியில் ஒரு வண்டியைக் காட்டுகிறார்கள். புஷோ என்று எழுதியிருக்கிறது. நம்பலாமா?

முதலில் மாடலைப் பாருங்கள். புஷோ 309 என்றால் அது 1990களில் மகாராஷ்டிரத்தில் பிரீமியர் நிறுவனத்தோடு சேர்ந்து தயாரான கார். சிங்கச் சின்னம் இருப்பதால் மட்டும் கவர்னர் காலத்து வண்டி ஆகிவிடாது. நிர்வாகம் கைமாறியது 1954 நவம்பர் 1. அதற்கு முந்திய கார் என்றால் வயது எழுபதைத் தாண்டியிருக்க வேண்டும். இரட்டை அம்புத்தலைச் சின்னத்தைப் பார்த்தும் ஏமாறாதீர்கள். இன்று சாலையில் போகும் சித்ரோயன்களில் பெரும்பாலானவை சி3.

உண்மையான பழைய பிரெஞ்சு வண்டிக்குச் சில அடையாளங்கள் உண்டு. சித்ரோயன் 2 சிவி, ரெனோ 4 இரண்டிலும் சக்கரத்துக்கு மூன்று நட்தான். கியர் கம்பி டேஷ்போர்டிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும், இழுத்தும் தள்ளியும் போட வேண்டும். ரெனோ 4இல் இன்னொரு வேடிக்கை: முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையிலான தூரம் இடப்பக்கமும் வலப்பக்கமும் சமமாக இருக்காது, ஒரு பக்கம் நாலைந்து சென்டிமீட்டர் கூடும். ஸ்பிரிங்குக்குப் பதிலாக இருக்கும் பின்பக்க முறுக்குக் கம்பிகள் குறுக்காக, ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருப்பதால் சக்கரமும் முன்பின்னாக அமைந்துவிடுகிறது. விபத்தில் வளைந்ததென்று நினைத்துவிட வேண்டாம். முன்விளக்கு மஞ்சளாக இருந்தால் இன்னும் நல்லது. 1993 வரை பிரான்சில் மஞ்சள் வெளிச்சம்தான் சட்டம்.

ஒயிட் டவுனில் பழைய கார் வரிசையாக நின்றால் மட்டும் ஒரு எச்சரிக்கை. சினிமாப் படப்பிடிப்பாக இருக்கலாம். வாடகைக்கு வந்த வண்டிகள், நம்பர் பலகையும் அன்றைய காட்சிக்கு எழுதியது. குறித்துக்கொண்டு ஆராய்ச்சி செய்யாதீர்கள்.

திருப்பாதிரிப்புலியூர் வாசகர்: டி.என். 31 என்று போட்ட 1965 ஃபியட் எப்படி இருக்க முடியும்? போலி நம்பரா?

போலி என்று முடிவு கட்ட வேண்டாம். மாநில எழுத்து, இரண்டு இலக்கம் என்கிற முறையே 1989இல்தான் வந்தது. அதற்கு முன் மூன்று எழுத்தும் நாலு இலக்கமும். நம் மாநிலத்தில் எம் என்று தொடங்கும் வரிசை பழையது, டி என்று தொடங்குவது பிந்தியது. மாநிலத்துக்குள் கைமாறினால் எண் மாறாது. வேறு மாநிலத்திலிருந்து வந்து இங்கே பதிந்தால் புது எண் தருவார்கள். கேரளத்து 1965 ஃபியட் 1995இல் கடலூருக்கு வந்திருந்தால் அதற்கு டி.என். 31தான். புதுச்சேரி பி.ஒய். 01 வண்டியும் இங்கே 12 மாதத்துக்கு மேல் தங்கினால் எண் மாற்றிக்கொள்ள வேண்டும். மாற்றுகிறார்களா என்பது பேருந்து நிலையத்தில் நின்று பார்த்தாலே தெரியும்!

எண்ணின் நடுவே ‘வி.ஏ.’ என்று இருந்தால் அது 2021 விதிப்படி பதிவான, 50 வயது கடந்த, மூல வடிவம் மாறாத வண்டி. கண்காட்சி, அணிவகுப்பு, எரிபொருள், பராமரிப்பு போன்றவற்றுக்குத்தான் அதைச் சாலையில் எடுக்கலாம். மீன் வாங்க எடுத்துவர அனுமதி இல்லை.

நெல்லிக்குப்பம் வாசகர்: பத்மினிக்கும் அதற்கு முந்திய ஃபியட்டுக்கும் சட்டென்று வித்தியாசம்?

முன்கதவு பின்னாலிருந்து கீல் போட்டு எதிர்ப்பக்கம் திறந்தால் 1950களின் ஃபியட் 1100. வழக்கம்போல் திறந்தால் 1964க்குப் பிந்திய டிலைட் குடும்பம். பத்மினி என்ற பெயர் 1970களில் வந்தது.

பண்ருட்டி வாசகர்: பலாப்பழம் ஏற்றிவரும் ஒரு ஜீப்பை ‘உலகப் போர் ஜீப்’ என்கிறார்கள்.

கிரில்லில் உள்ள நீள ஓட்டைகளை எண்ணுங்கள். போர்க்கால வில்லிஸ் எம்.பி.யில் ஒன்பது. பிறகு பொதுமக்களுக்காக வந்த சி.ஜே. வகையில் ஏழு. பட்டறையில் ஒன்பது ஓட்டை வெட்டி மாட்டுவதும் நடக்கும் என்பதால் அங்கேயே நிற்காதீர்கள். போர்க்கால ஜீப்பின் முன்விளக்கு சிறியது, கிரில்லுக்குள் அமுங்கியிருக்கும். பின்னால் திறக்கும் கதவு கிடையாது, ஸ்டெப்னி அங்கேதான் தொங்கும்.

பானெட் உயரமாக, நெற்றி தூக்கியதுபோல் இருந்தால் சி.ஜே. 3பி. அதன் ஹரிகேன் இன்ஜினில் உள்ளிழுக்கும் வால்வைத் தலைப்பகுதிக்குக் கொண்டுபோனதால் இன்ஜின் உயர்ந்தது, அதற்கு இடம் கொடுக்கப் பானெட்டும் உயர்ந்தது. மகிந்திரா அதைப் பல ஆண்டுகள் இங்கே தயாரித்தது. பலாப்பழ வண்டி பெரும்பாலும் அந்த வம்சம்.

லாஸ்பேட்டை வாசகி: எங்கே, எப்போது பார்த்தால் கிடைக்கும்? போனில் படமெடுத்தால் மூக்கு வீங்கித் தெரிகிறது.

கடற்கரைச் சாலையில் மாலையில் தேடாதீர்கள், அப்போது வண்டிகளுக்கு வழி அடைத்துவிடுவார்கள். குஷன் தைக்கும் கடை, டிங்கரிங் பட்டறை, பேட்டரிக் கடை வாசல், ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எஃப்.சி. காட்டும் நேரம் இவைதான் விளைச்சல் உள்ள இடங்கள். முகூர்த்த நாளில் கல்யாண மண்டபத்துப் பக்கம் போங்கள், மாப்பிள்ளை அழைப்புக்குப் பழைய கார் வரும். ஆடியிலும் மார்கழியிலும் அந்த வழி அடைபடும்.

மூக்கு வீங்குவது அகல லென்ஸால். நாலைந்து அடி பின்னால் போய் இரண்டு மடங்கு ஜூம் வைத்து, விளக்கு உயரத்துக்குக் குனிந்து, முன்பக்க மூலையிலிருந்து எடுங்கள். உச்சி வெயிலில் குரோம் பம்பர் வெளுத்துப்போகும், காலை எட்டு மணிக்குள் முடித்துவிடுங்கள். வீட்டு வாசலில் நிற்கும் வண்டியின் நம்பரையும் வீட்டு எண்ணையும் மறைத்த பிறகே பிறருக்கு அனுப்புங்கள். உரிமையாளர் வந்தால் ‘விலைக்கா?’ என்று ஆரம்பிக்காதீர்கள். அந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டு அவர்களுக்குச் சலித்திருக்கும்.

கடலூர் முதுநகர் வாசகர்: எனக்கு அந்தக் கேள்விதான்! வேப்பமரத்தடியில் நிற்கும் அம்பாசிடரை விலைக்குக் கேட்கலாம் என்றிருக்கிறேன். என்ன பார்க்க வேண்டும்?

கடல் காற்று என்ன செய்திருக்கிறது என்பதை. சின்னக் காந்தத்தைத் துணியில் சுற்றிக் கதவின் அடி, சக்கர வளைவின் விளிம்பு, கதவுக்குக் கீழே ஓடும் பட்டை எல்லாவற்றிலும் வைத்துப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் தகரம் இல்லை, பட்டி இருக்கிறது. தரை விரிப்பைத் தூக்குங்கள், டிக்கியில் ஸ்டெப்னியை எடுத்துவிட்டுப் பாருங்கள், பேட்டரி உட்காரும் தட்டையும் விடாதீர்கள். அம்பாசிடருக்குத் தனிச் சேஸிஸ் இல்லை, கூண்டேதான் எலும்பு. கதவுக்குக் கீழே உள்ள பட்டை உளுத்திருந்தால், பெயின்ட் எவ்வளவு மின்னினாலும் விலகிவிடுங்கள். கதவைத் திறந்து மூடும்போது பூட்டு மேலே கீழே இடித்தால் வண்டி நடுவில் தொய்ந்துவிட்டது என்று பொருள். மேலே சொன்ன ஹெரால்டுக்குத் தனிச் சேஸிஸ் உண்டு. அங்கே கூண்டைத் தாங்கும் பக்கக் கைகளைத்தான் பார்க்க வேண்டும்.

இன்ஜினை உடனே செல்ஃப் அடிக்காதீர்கள். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு தேக்கரண்டி இன்ஜின் ஆயில் விட்டு ஒரு இரவு ஊறவிடுங்கள். மறுநாள் கையால் சுற்றிப் பாருங்கள். சுற்றினால் நல்ல சகுனம். டேங்கில் கிடக்கும் பழைய பெட்ரோலை வடித்து, பிரேக் ஹோசும் பிரேக் ஆயிலும் மாற்றாமல் ஒரு அடிகூட நகர்த்த வேண்டாம்.

காகிதம்: விற்பவர் பெயரில் ஆர்.சி. இருந்தால் பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. உரிமையாளர் காலமாகி வாரிசு விற்றால் முதலில் படிவம் 31இல் வாரிசு பெயருக்கு மாற வேண்டும். புதுச்சேரி வண்டி என்றால் படிவம் 28இல் தடையின்மைச் சான்று. சான்று கிடைக்கும்வரை முழுப் பணமும் கொடுக்காதீர்கள்.

வில்லியனூர் வாசகர்: வெயிலில் பழைய கார்கள் சிக்னலில் நின்றுபோய், பானெட்டைத் திறந்து ஈரத்துணி போடுகிறார்களே, அது மூடநம்பிக்கையா?

அதில் விஷயம் இருக்கிறது. பெட்ரோல் பம்பும் குழாயும் சூடான இன்ஜினை ஒட்டிப் போகின்றன. ஓடும்போது காற்றும் புதுப் பெட்ரோலும் குளிர்விக்கும். நின்றதும் உள்ளே பெட்ரோல் ஆவியாகும், பம்பு திரவத்தைத் தள்ளுவதற்குப் பதில் ஆவியை அமுக்கிக்கொண்டிருக்கும். ஈரத்துணியைப் பம்பின் மீது போட்டால் ஆவி மீண்டும் பெட்ரோலாகும். கார்புரேட்டர் மேல் மட்டும் போட்டால் பயன் குறைவு. சைலன்சர் குழாயின் மீது படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், துணி பற்றிக்கொள்ளும்.

அடிக்கடி நடந்தால் குழாயைச் சூட்டிலிருந்து நகர்த்திக் கட்டவும். பம்பின் உள்ளே இருக்கும் ரப்பர்த் தகட்டையும் மாற்றச் சொல்லுங்கள். இப்போது வரும் எத்தனால் கலந்த பெட்ரோலுக்குப் பழைய ரப்பர் ஊதிக் கிழிகிறது. எத்தனாலைத் தாங்கும் ஹோஸ் என்று கேட்டு வாங்குங்கள்.