குடிகாரனின் மருந்துக் காசை யார் கட்டுவது?

யாழ்ப்பாணத்தில் அரச வைத்தியசாலை விடுதிகளில் 31 வருடம் தாதியாக இருந்தேன். நெடுகக் குடிக்கிறவர்கள் தங்கள் வைத்தியச் செலவைத் தாங்களே கட்ட வேண்டுமா என்று கேட்டவர்களுக்கு என் பதில்கள் இவை.

சாவகச்சேரியிலிருந்து ஒரு தம்பி: அக்கா, நான் வெற்றிலைகூடப் போடாதவன். ஒருவன் குடித்து ஈரலைக் கெடுத்துவிட்டு வந்து படுத்தால், என் வரிப்பணத்தில் ஏன் பார்க்க வேண்டும்?

கோபம் விளங்குகிறது தம்பி. ஆனால் பில் போட்டால் கட்டப்போவது யார்? வயிறு ஊதி, கண் மஞ்சளாகி, இரத்தமாகச் சத்தி எடுத்துக்கொண்டு வருகிற மனிதரிடம் காசு இருக்காது. பக்கத்தில் நிற்கிற மனைவியின் காதில் மிஞ்சிய தோடுதான் அடகுக்குப் போகும். வீட்டில் அடி வாங்கியவளுக்கே பில்லும் போவதை என்னால் ஏற்கவே முடியாது.

காசு என்றால் பிந்தியும் வருவார்கள். ஈரலில் கொழுப்புப் படிந்த நிலையில் குடியை விட்டால் பெரும்பாலும் தேறிவிடும். தழும்பாகிச் சுருங்கிய பிறகு பழையபடி வராது. அப்போதுதான் இரத்தம் ஏற்றுவதும் ஐ.சி.யு. கட்டிலும். உங்கள் வரிப்பணம் அதிகம் போவது அங்கேதான்.

கொக்குவில் ஐயா ஒருவர்: அப்படியானால் குடிக்கிறவர் ஒன்றுமே கட்டத் தேவையில்லையா?

கட்டிக்கொண்டுதான் இருக்கிறார் ஐயா. சாராயப் போத்தல் விலையில் பெரிய பங்கு மதுவரி. ஆனால் கள்ளமாகக் காய்ச்சுகிற கசிப்புக்கு வரியே இல்லை, அந்த இடத்தில் உங்கள் கேள்வி நியாயம். மதுவரியில் ஒரு பங்கைக் குடியை விடுவிக்கும் சிகிச்சைக்கென்றே ஒதுக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

பருத்தித்துறையிலிருந்து ஒருவர்: யார் பெருங்குடிகாரன் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பெரும்பாலும் குடிக்கிறவர் சொன்னால்தான் தெரியும். சீனி வருத்தத்தாலும், ஹெப்பரைற்றிஸ் பி கிருமியாலும்கூட ஈரல் கெடும். இப்போதே "இரண்டு பெக்தான் சிஸ்டர்" என்று மறைக்கிறார்கள். காசு கேட்டால் ஒருவரும் உண்மை சொல்லமாட்டார்கள். அது ஆபத்து. ஒருவர் குடிப்பதில்லை என்று வேறு வருத்தத்துக்கு வந்து படுத்தார், மூன்றாம் நாள் சேலைன் ஊசியைப் பிடுங்கி எறிந்து, சுவரில் பூச்சி ஊருவதாகக் கத்தினார். குடி நின்றதால் வந்த பிதற்றல் அது. முதலே தெரிந்திருந்தால் தடுத்திருப்போம்.

காரைநகர் அம்மா: மகன் குடியை விடுகிறேன் என்கிறான். வீட்டில் பூட்டி வைத்து நிறுத்தலாமா?

வேண்டாம் அம்மா! தினமும் நிறையக் குடித்தவர் சடுதியாக நிறுத்தினால் முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம், அப்புறம் பிதற்றல். உயிரே போகலாம். அரச வைத்தியசாலைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், காசு கேட்கமாட்டார்கள். நடுக்கத்துக்கு மருந்தும் விற்றமின் பி1 உம் கொடுத்துப் பக்குவமாக நிறுத்துவார்கள். போகுமுன் பேச வேண்டுமென்றால் 1926 க்கு அழையுங்கள், மனநல உதவி இலக்கம் அது.

பெயர் சொல்ல விரும்பாத தங்கச்சி: குடிக்கிற என் கணவருக்கு இரங்கச் சொல்கிறீர்கள். என்னை அடித்ததற்கு?

அதை மன்னிக்கச் சொல்லவில்லை தங்கச்சி. 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். 1938 பெண்களுக்கான உதவி இலக்கம். அவரோடு வைத்தியசாலைக்கு வருகிற அன்று உங்கள் காயத்தையும் காட்டுங்கள். அவர் இல்லாத நேரம் பார்த்துத் தாதியிடம் தனியாகச் சொல்லுங்கள்.