நீதிபதி கர்ணன் வழக்கு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: உயர் நீதிமன்ற நீதிபதியை நாடாளுமன்றம்தானே நீக்க முடியும்? கொல்கத்தா உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்த கர்ணனை, நீதிமன்ற அவமதிப்புக்காக உச்ச நீதிமன்றம் எப்படிச் சிறைக்கு அனுப்பியது?

பதில்: பதவியைப் பறிப்பது வேறு, தண்டிப்பது வேறு. அவமதிப்புக்குத் தண்டிக்கும் அதிகாரம் அரசியல் சாசனத்தின் 129-வது பிரிவில் உச்ச நீதிமன்றத்துக்கு இருக்கிறது. 2017 மே 9 அன்று ஏழு நீதிபதிகள் அமர்வு ஆறு மாதச் சிறை விதித்தது. அதன் பிறகும் அவர் பதவி போகவில்லை. ஜூன் 12-ல் ஓய்வு வயது வந்துதான் ஓய்வு பெற்றார். ஜூன் 20-ல் கோவை அருகே கைதானார்.

கேள்வி: ஊழல் நீதிபதிகள் என்று 20 பேரைக் குறிப்பிட்டுப் பிரதமருக்கு எழுதினார். அதை விசாரிக்காமல் எழுதியவரைத் தண்டித்தது நியாயமா?

பதில்: புகார்களைத் தனியாக யாராவது விசாரித்திருக்க வேண்டும் என்பதில் எனக்கும் உடன்பாடுதான். ஆனால் வழக்கு அந்தக் கடிதத்தோடு நிற்கவில்லை. 2016-ல் தன்னுடைய இடமாற்றத்துக்குத் தானே தடை போட்டார். வழக்கு நடக்கும்போதே, இந்தியத் தலைமை நீதிபதி உள்ளிட்ட எட்டுப் பேருக்கு ஐந்தாண்டுக் கடுங்காவல் என்று உத்தரவு எழுதினார். தன் வழக்கில் தானே நீதிபதியாக உட்காருவதை எந்த நீதிமன்றமும் ஏற்காது. அவமதிப்புச் சட்டத்தில் 2006 முதல், பொதுநலனுக்காகச் சொன்ன உண்மை என்பதைத் தற்காப்பாக வைக்க வழி இருக்கிறது. 2017 மார்ச் 31-ல் உச்ச நீதிமன்றத்துக்கு நேரில் வந்தபோது நான்கு வார அவகாசமும் கிடைத்தது. அதை அவர் பயன்படுத்தவில்லை.

கேள்வி: தலித் நீதிபதி என்பதால்தான் இந்தக் கடுமை என்கிறார்களே?

பதில்: சாதிப் பாகுபாடு பற்றி அவர் முதலில் பேசியது 2017-ல் அல்ல. 2011-லேயே தேசியத் தாழ்த்தப்பட்டோர் ஆணையத்திடம் புகார் கொடுத்தார். அதை உருப்படியாக விசாரித்து, உண்டு அல்லது இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். தண்டனைக்குக் காரணம் சாதிதான் என்று அடித்துச் சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. ஆனால் ஒரு விஷயம் என்னை இன்றும் உறுத்துகிறது. மே 1 அன்று, மருத்துவக் குழு அவருடைய மனநிலையைச் சோதிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. டாக்டர்கள் போனார்கள், அவர் மறுத்துவிட்டார். எட்டே நாளில் தண்டனை. மனநிலையில் சந்தேகம் இருந்தால், அது தீராமல் ஒருவரைக் குற்றவாளி ஆக்கக் கூடாது. சந்தேகம் இல்லை என்றால் அந்த உத்தரவுக்கே வேலை இல்லை. பாகுபாடு நடக்கிறது என்று பல வருடமாகச் சொல்லிவந்த ஒரு தலித் நீதிபதியிடம் இப்படி நடந்தால், மக்கள் அதை எப்படிப் பார்ப்பார்கள் என்று அமர்வு யோசித்திருக்க வேண்டும்.

கேள்வி: அவர் அப்பீல் போயிருக்கலாமே?

பதில்: போக இடமே இல்லை. உயர் நீதிமன்றம் தண்டித்தால் மேல்முறையீடு உண்டு. உச்ச நீதிமன்றமே முதலில் தண்டித்தால், தீர்ப்பை மறுபடி பார்க்கக் கேட்கும் சீராய்வு மனுதான், அதுவும் பொதுவாக அதே நீதிபதிகளிடம் போகும். கொலைக் குற்றவாளிக்கு உள்ள மேல்முறையீடு இவருக்கு இல்லை. அப்புறம், விரிவான தீர்ப்பு வெளியானது ஜூலை முதல் வாரத்தில். அப்போது அவர் சிறையில் இருந்தார். காரணம் சொல்லாமல் உள்ளே தள்ளி, பிறகு காரணம் எழுதுவது சரியான முறை அல்ல. அவர் பேச்சைப் பத்திரிகைகள் வெளியிடக் கூடாது என்று மே 9 உத்தரவிலேயே தடையும் போட்டார்கள். தண்டிக்கப்பட்டவரின் வாயை மட்டுமல்ல, படிக்கும் நம் கண்ணையும் சேர்த்துக் கட்டிய உத்தரவு அது. தண்டனைக் காலம் முடிந்து டிசம்பர் 20-ல்தான் கொல்கத்தா சிறையிலிருந்து வெளியே வந்தார்.

கேள்வி: இதற்குப் பிறகு ஏதாவது மாறியதா?

பதில்: அந்த ஏழு பேர் அமர்வில் இருந்த நீதிபதிகள் செலமேஸ்வரும் ரஞ்சன் கோகாயும் தனியாக எழுதிய தீர்ப்பில், நீதிபதிகளைத் தேர்வு செய்யும் முறையை மறுபடி ஆராய வேண்டும் என்றார்கள். பதவிநீக்கம் வரை போகாமல் இப்படிப்பட்ட நிலைமையைச் சமாளிக்க ஒரு சட்ட ஏற்பாடு வேண்டும் என்றும் சொன்னார்கள். அந்தச் சட்டம் இன்னும் வரவில்லை.

கேள்வி: நீதிபதி மீது லஞ்ச வழக்கு போட முடியுமா?

பதில்: முடியும். சென்னை உயர் நீதிமன்ற முன்னாள் தலைமை நீதிபதி கே.வீராசாமி வழக்கில் 1991-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. ஆனால் இந்தியத் தலைமை நீதிபதியைக் கலந்துகொள்ளாமல் போலீஸ் வழக்குப் பதிய முடியாது.