ரவுட்டரில் பிழை இல்லை, மறுமுனையில்தான் ஆள் இல்லை

கேள்வி: அமெரிக்காவில், நியூ ஜெர்சியின் எடிசன் நகரில் வசிக்கிறோம். பதினொரு வயது மகனுக்கு நண்பர் வீட்டிலிருந்து பழைய நின்டென்டோ 3டிஎஸ் கையடக்க விளையாட்டுக் கருவி கிடைத்தது. வீட்டு ரவுட்டரின் வைஃபை மேக் முகவரியை, அதாவது கருவியை அடையாளம் காட்டும் எண்ணை, குறிப்பிட்ட இடைவெளியில் மாற்றிக்கொண்டே இருக்கும் ஸ்கிரிப்ட் ஒன்றை ஓடவிட்டால், வெளியே போகாமலேயே மற்ற ஊர் ஆட்டக்காரர்களின் ஸ்ட்ரீட்பாஸ் வந்து சேரும் என்று 2014ஆம் ஆண்டின் வழிகாட்டி ஒன்றில் படித்தேன். மூன்று வார இறுதிகளாக முயல்கிறேன். முகவரி மாறுகிறது, கருவியும் இணைகிறது, ஆனால் ஒருவரும் வரவில்லை. எல்லாம் அமைத்துத் தயாராக வைத்திருக்கும் ரவுட்டரை 85 டாலருக்குத் தருவதாக இணையத்தில் ஒருவர் சொல்கிறார். வாங்கலாமா? நான் எங்கே தவறு செய்கிறேன்?

பதில்: வாங்க வேண்டாம். நீங்கள் எங்கும் தவறு செய்யவில்லை. அதுதான் இதில் வருத்தத்துக்குரிய செய்தி. உங்கள் ஸ்கிரிப்ட் செய்ய வேண்டியதைச் சரியாகவே செய்கிறது. அது யாரை நோக்கிப் பேசுகிறதோ, அந்தச் சேவை இன்று இல்லை.

இந்த ஏற்பாடு எப்படி இயங்கியது என்பதை ஒருமுறை புரிந்துகொண்டால், 85 டாலருக்கு அவர் விற்பது என்ன என்பதும் விளங்கிவிடும். 2011இல் வெளிவந்த 3டிஎஸ் கருவியை மூடிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நடந்தால், எதிரே வருபவரின் பையில் இருக்கும் இன்னொரு 3டிஎஸ் கருவியோடு அது தானாகவே பேசி, அவருடைய 'மீ' பொம்மையையும் விளையாட்டுத் தகவல்களையும் வாங்கிக்கொள்ளும். இதுதான் ஸ்ட்ரீட்பாஸ். டோக்கியோவின் ரயில்களில் இது பிரமாதமாக நடந்தது. கடைக்குப் பால் வாங்கப் போவதற்கும் காரை எடுக்கும் அமெரிக்கப் புறநகரில் யார் யாரைக் கடந்து போவது? ஆகவே 2013இல் நின்டென்டோ ரிலே என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. உணவகங்களிலும் காப்பிக் கடைகளிலும் இருந்த வைஃபை இணைப்புகளின் வழியாக உங்கள் கருவி தன் தகவல் மூட்டையை வைத்துவிட்டுப் போகும். பிறகு அதே கடைக்கு வரும் வேறொருவரின் கருவி அதை எடுத்துக்கொண்டு தன்னுடையதை வைத்துவிட்டுப் போகும்.

இதை வழிப்போக்கர் சத்திரம் என்று எண்ணிக்கொள்ளுங்கள். ஆனால் மூட்டைகளை வாங்கி வைத்துக் கைமாற்றிக் கொடுத்த சத்திரக்காரர் அந்தக் கடையில் உட்கார்ந்திருக்கவில்லை. அவர் நின்டென்டோவின் சர்வரில் இருந்தார். எந்தச் சத்திரத்திலிருந்து மூட்டை வருகிறது என்பதை அவர் கண்டுகொண்டது, அந்தக் கடையின் வைஃபை கருவி காற்றில் அறிவித்துக்கொண்டிருக்கும் மேக் முகவரியைக் கொண்டுதான். ஒரே சத்திரத்துக்கு எட்டு மணி நேரத்துக்குள் மறுபடியும் வந்தால் அவர் கதவைத் திறக்க மாட்டார் என்பது விதி. ஆர்வலர்கள் இந்த இரண்டையும் கவனித்தார்கள். உலகின் பல மூலைகளில் இருப்பவர்கள் தங்கள் வீட்டு ரவுட்டர்களுக்கு ஒரே கடைப்பெயரையும் ஒரே மேக் முகவரியையும் சூட்டினால், சர்வரின் கண்ணுக்கு அவர்கள் அனைவரும் ஒரே சத்திரத்தில் தங்கியவர்கள் ஆகிவிடுவார்கள். எட்டு மணி நேர விதியைத் தாண்டுவதற்கு, தங்களுக்குள் ஒத்துக்கொண்ட முகவரிப் பட்டியல் ஒன்றிலிருந்து ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போனார்கள். ஹோம்பாஸ் என்று பெயர் பெற்ற வித்தை இவ்வளவுதான்.

இப்போது நீங்கள் செய்துகொண்டிருப்பது, சத்திரக்காரர் போய்விட்ட பிறகு பெயர்ப்பலகையை மட்டும் மாற்றி மாற்றி மாட்டுவது. ரிலே சேவை இன்று கிடையாது. அந்தக் கருவிக்கு எஞ்சியிருந்த இணையவழி ஆட்டச் சேவைகளையும் 2024 ஏப்ரல் 8 அன்று நின்டென்டோ நிறுத்திவிட்டது. பலகையை 85 டாலர் கொடுத்து வாங்கினாலும் உள்ளே ஆள் வரப் போவதில்லை.

விற்பவரைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த வகை மடல் எனக்கு வருவது முதல்முறை அல்ல. இப்படி விற்கப்படுபவை பெரும்பாலும் பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முந்தைய ரவுட்டர்கள்; பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோய், குப்பைக்குப் போக வேண்டியவை. அவற்றில் முன்பின் தெரியாத ஒருவர் முன்பின் தெரியாத மென்பொருளை ஏற்றி, நிர்வாகக் கடவுச்சொல்லையும் தாமே வைத்து அனுப்புகிறார். உங்கள் வங்கிக் கணக்கு, அலுவலக மடல், மகனின் பள்ளிக் கணக்கு எல்லாமே அதன் வழியாகத்தான் போய்வர வேண்டும். ஆயுள் முடிந்த பழைய ரவுட்டர்களைக் குற்றவாளிகள் கைப்பற்றி, அவற்றின் வழியே தங்கள் அடையாளத்தை மறைத்துக்கொள்கிறார்கள் என்று எஃப்.பி.ஐ. 2025 மே மாதத்தில் எச்சரித்தது நினைவிருக்கலாம். ஸ்ட்ரீட்பாஸ் வந்ததும் கருவியில் எரியும் பச்சை விளக்கைக் காணொளியில் காட்டுகிறேன் என்று அவர் சொன்னாலும் நம்ப வேண்டாம். பக்கத்து அறையில் இன்னொரு 3டிஎஸ் கருவி இருந்தாலே அந்த விளக்கு எரிந்துவிடும். ரவுட்டர் செருகியிருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை.

அந்த வழிகாட்டியைப் பின்பற்றியதால் உங்கள் வீட்டில் இப்போது இரண்டு கேடுகள் இருக்கக்கூடும். முதலாவது, வைஃபைக்கு நீங்கள் வைத்திருக்கும் பெயர். அன்றைய ரிலே கடைகளின் இணைப்புகளுக்குப் பெரும்பாலும் கடவுச்சொல் இருந்ததில்லை. ஆகவே வழிகாட்டிகளும் கடவுச்சொல் இல்லாத, கடைப்பெயர் தாங்கிய வைஃபை ஒன்றைத் திறக்கச் சொல்லும். கைப்பேசிகளின் இயல்பு என்னவென்றால், ஒருமுறை இணைந்த திறந்த வைஃபையின் பெயரை நினைவில் வைத்துக்கொண்டு, அதே பெயர் எங்கே தெரிந்தாலும் தானாகப் போய் ஒட்டிக்கொள்ளும். எப்போதோ அந்தக் காப்பிக் கடையில் உட்கார்ந்த உங்கள் அண்டை வீட்டார், தபால்காரர், பீட்சா கொண்டுவரும் பையன் என்று எல்லோருடைய கைப்பேசியும் அவர்களுக்கே தெரியாமல் உங்கள் இணைப்பில் ஏறும். அவர்கள் பார்ப்பதற்கெல்லாம் கணக்கு உங்கள் பெயரில் எழுதப்படும். 3டிஎஸ் கருவியின் மேக் முகவரியை மட்டும் அனுமதிக்கும் வடிகட்டியைப் போட்டுவிட்டால் பாதுகாப்பு என்று அதே வழிகாட்டிகள் சொல்வது வெறும் ஆறுதல். அந்த முகவரி காற்றில் வெளிப்படையாகவே போகிறது. வேண்டுபவர் பார்த்து எழுதிக்கொள்ளலாம்.

இரண்டாவது, ரவுட்டரில் மேக் குளோன் என்று ஒரு பக்கம் இருக்கும். பலர் முகவரியை அங்கே போய் மாற்றுகிறார்கள். அது வைஃபையின் முகவரி அல்ல, இணைய நிறுவனத்தை நோக்கி நிற்கும் வாசலின் முகவரி. கேபிள் மோடம் பெரும்பாலும் தான் முதலில் கண்ட முகவரியையே பிடித்துக்கொண்டிருக்கும். வேறு முகவரி வந்து நின்றால், மோடத்தை அணைத்து மறுபடியும் இயக்கும்வரை இணைப்புத் தராது. என் உறவினர் ஒருவர் வீட்டில் இப்படித்தான் இரண்டு நாள் இணையம் இல்லாமல் போனது. நிறுவனத்தின் உதவி எண்ணில் ஆறு பேர் மாறி மாறிப் பேசினார்கள். ஆறு பேரும் ரவுட்டரை அணைத்து இயக்கச் சொன்னார்களே தவிர, மோடத்தை அணைக்கச் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை. கடைசியில் ஒரு புதிய மோடத்தையும் மாத வாடகைக்கு அவர் தலையில் கட்டிவிட்டார்கள்.

மேக் முகவரியை மாற்றவே கூடாதா என்று நீங்கள் கேட்கலாம். வீட்டில் இருப்பவர்களுக்கு நான் சொல்லும் விதி, மாற்றாதீர்கள் என்பதே. இதற்கு ஒரே ஒரு விலக்கு உண்டு, அதைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். மேக் முகவரி பன்னிரண்டு இடங்கள் கொண்டது. ஒவ்வோர் இடத்திலும் 0 முதல் 9 வரையிலான எண்ணோ, ஆங்கில அகரவரிசையின் முதல் ஆறு எழுத்துகளில் ஒன்றோ வரும். இதில் இரண்டாவது இடம் தனிச்சிறப்பு உடையது. அந்த இடத்தில் 2, 6 ஆகிய எண்களோ, ஏ (A), இ (E) ஆகிய எழுத்துகளோ இருந்தால், 'இது தொழிற்சாலையில் இட்ட முகவரி அல்ல, இந்த இடத்திலேயே சூட்டிக்கொண்ட முகவரி' என்று பொருள். இன்றைய கைப்பேசிகள் ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு புனைமுகவரி காட்டுகின்றனவே, அவற்றைப் பாருங்கள், இரண்டாவது இடம் இந்த நான்கில் ஒன்றாகத்தான் இருக்கும். அதே இடத்தில் ஒற்றைப்படை எண் வந்தால் அது தனிக்கருவிக்குரிய முகவரியே அல்ல, பலருக்கும் ஒரே நேரத்தில் அனுப்பும் குழு முகவரி. அதை ரவுட்டருக்குச் சூட்டினால் கருவிகள் இணைய மறுத்துத் தடுமாறும். ஹோம்பாஸ்காரர்களிடையே மிகவும் பரவிய முகவரிப் பட்டியலைத் தொகுத்தவர் இதை அறிந்தவர்: அவற்றின் இரண்டாவது இடம் இ. ஆகவே பரிசோதனைக்காகவோ, பழைய கருவி ஒன்றின் பிழையைக் கண்டறியவோ முகவரியை மாற்றத்தான் வேண்டுமென்றால், இரண்டாவது இடத்தை இந்த நான்குக்குள் வைத்துக்கொண்டு, விருந்தினருக்கான தனி வைஃபையில் மட்டும் மாற்றுங்கள். வீட்டின் முதன்மை வைஃபையில் மாற்றினால், ஒவ்வொரு மாற்றத்தின்போதும் வீட்டிலுள்ள அத்தனை கருவிகளும் துண்டிக்கப்பட்டு மறுபடியும் இணைய வேண்டியிருக்கும். உங்கள் துணைவியாரின் அலுவலகக் கூட்டங்கள் இந்த மூன்று வாரமும் அறுந்து அறுந்து போயிருந்தால், காரணத்தை வேறெங்கும் தேட வேண்டாம்.

ஸ்கிரிப்டில் இன்னொன்றையும் பாருங்கள். முகவரியை மாற்றும் ஒவ்வொரு முறையும் அதை நிலையான நினைவகத்தில் சேமிக்கும் கட்டளை இருந்தால், அந்த நினைவகம் வீணாகத் தேய்கிறது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை என்றால் நாளொன்றுக்கு 144 முறை எழுதுகிறீர்கள். மாற்றத்தை மட்டும் செய்து, சேமிக்காமல் விட்டிருக்க வேண்டும். பழைய வழிகாட்டிகளில் பாதி இதைச் சொல்வதே இல்லை.

இதையெல்லாம் சாதாரண மனிதர் ஏன் திருட்டு வேலைபோல மூன்றாம் மனிதரின் மென்பொருளை ஏற்றிச் செய்ய வேண்டியிருக்கிறது என்பது வேறு கோபம். காசு கொடுத்து வாங்கிய ரவுட்டரில் நமக்கு வேண்டிய மென்பொருளை ஏற்ற முடியாதபடி பூட்டும் வழக்கம், அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையத்தின் வைஃபை விதிகளைச் சாக்கிட்டுப் பெருகியது. அலைவரிசை ஆற்றலை மட்டும் கட்டுப்படுத்தச் சொன்னால், நிறுவனங்களுக்கு எளிது முழுக் கதவையும் சாத்துவதே. 2016இல் டிபி-லிங்க் நிறுவனம் ஆணையத்துக்கு இரண்டு லட்சம் டாலர் கட்டி ஒரு சமரசத்துக்கு வந்தபோது, வெளியார் மென்பொருளுக்கு வழிவிட முயல வேண்டும் என்பதும் அதில் ஒரு நிபந்தனையாக இருந்தது. அதற்குப் பிறகும் கடையில் பெட்டியைப் பார்த்து, ரவுட்டர்களுக்கான இலவச மாற்று மென்பொருளான ஓப்பன்டபிள்யூஆர்டி இதில் ஏறுமா என்று அறிந்துகொள்ள வழி இல்லை. ஒரே மாடல் எண்ணை வைத்துக்கொண்டு உள்ளிருக்கும் சில்லை மாற்றி விற்கிறார்கள். இந்த இருட்டில்தான் 85 டாலர் வியாபாரிகள் பிழைக்கிறார்கள்.

இனி மகனுக்கு. ஸ்ட்ரீட்பாஸ் முழுவதும் இறந்துவிடவில்லை. இரு கருவிகள் நேருக்கு நேர் பரிமாறிக்கொள்வதற்கு இணையமோ நின்டென்டோவின் சர்வரோ தேவையில்லை. அது இன்றும் நடக்கிறது. பழைய விளையாட்டுகளுக்கான கண்காட்சிகளுக்கும் அனிமே மாநாடுகளுக்கும் கருவியை எடுத்துப் போகச் சொல்லுங்கள். அங்கே ஒரே பகலில் பல பேர் வந்து சேரலாம். கருவியில் உள்ள ஸ்ட்ரீட்பாஸ் விளையாட்டின் வாசலில் பத்துப் பேர் நிறைந்ததும் அவர்களை உள்ளே அழைத்துக்கொண்டால்தான் அடுத்தவர்களுக்கு இடம் கிடைக்கும் என்பதை மட்டும் அவன் நினைவில் வைக்கட்டும்.

வீட்டிலிருக்கும் நாள்களுக்கு நாணயங்கள் உண்டு. கருவியை எடுத்துக்கொண்டு நடந்தால் 100 காலடிகளுக்கு ஒரு விளையாட்டு நாணயம், நாளொன்றுக்குப் பத்து வரை, மொத்தம் 300 வரை சேரும். இரண்டு நாணயத்துக்கு, அந்த ஸ்ட்ரீட்பாஸ் விளையாட்டில் சேர்க்கும் படப் புதிரின் ஒரு துண்டு கிடைக்கும். இளஞ்சிவப்புத் துண்டுகளை மட்டும் இப்படி வாங்க முடியாது. அவற்றுக்கு ஆள் வந்தாக வேண்டும்.

நெட்பாஸ் என்ற பெயரில் ஆர்வலர்கள் நடத்தும் மாற்றுச் சேவை ஒன்றும் இருக்கிறது. அது கருவியிலேயே மாற்று மென்பொருளை ஏற்றிக்கொண்டு, எந்தச் சாதாரண வைஃபை வழியாகவும் பரிமாற்றத்தை நடத்துகிறது. ரவுட்டரின் முகவரி எதுவாக இருந்தாலும் அதற்குக் கவலையில்லை. மாற்று மென்பொருளை ஏற்றும் முறை இணையத்தில் இலவசமாக, படிப்படியாக எழுதப்பட்டிருக்கிறது. ஐம்பது டாலர் கொடுங்கள், ஏற்றித் தருகிறேன் என்பவரிடமும், நூற்றுக்கணக்கான ஆட்டங்களைத் திருட்டுத்தனமாக நிரப்பிய நினைவக அட்டையை நீட்டுபவரிடமும் கருவியைக் கொடுக்காதீர்கள். முதலில் அட்டையில் உள்ளவற்றைப் படியெடுத்து வைத்துவிட்டு, ஒரு மாலை நேரம் ஒதுக்கி நீங்களே செய்யுங்கள். மூன்று வாரம் ஸ்கிரிப்டோடு மல்லுக்கட்டிய உங்களுக்கு இது கடினமாக இராது.

இன்றிரவு செய்ய வேண்டியவை சில. அந்தத் திறந்த வைஃபையை அழித்துவிட்டு, ஸ்கிரிப்டைக் குறித்த நேரங்களில் தானாக ஓடவைக்கும் அமைப்பையும் நீக்குங்கள். மேக் குளோன் பக்கத்தில் எதையாவது தொட்டிருந்தால் பழைய நிலைக்குத் திருப்பி, மோடத்தை ஒரு நிமிடம் மின்சாரத்திலிருந்து பிடுங்கி வையுங்கள். 3டிஎஸ் கருவிக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே தெரியும், பாதுகாப்பில் டபிள்யூபிஏ2 என்ற பழைய முறை வரைதான் புரியும். அதற்காக வீட்டின் முதன்மை வைஃபையைப் பழைய பாதுகாப்புக்கு இறக்காமல், விருந்தினர் வைஃபை ஒன்றை அந்த அளவில் அமைத்து, கடவுச்சொல் இட்டு, அதில் கருவியை இணையுங்கள். பெயரை மட்டும் எந்தக் கடையின் பெயராகவும் இல்லாமல் வையுங்கள்.