வூகாமர்ஸ் ஆர்டர் தளத்தை டாலி பிரைமோடு இணைப்பது: மொத்த வியாபாரிகளுக்கு

கேள்வி: கோட்டாறில் மளிகை, முந்திரிப் பருப்பு மொத்த வியாபாரம். தக்கலை, குளச்சல், மார்த்தாண்டம், களியக்காவிளை தாண்டி கேரளத்தின் பாறசாலை வரை சில்லறைக் கடைகளுக்குச் சரக்கு போகிறது. வூகாமர்ஸ் என்ற இணையக் கடை மென்பொருளில் ஆர்டர் தளம் இருக்கிறது, கணக்கு டாலி பிரைம் என்ற கணக்கு மென்பொருளில். வரும் ஆர்டரை ஒருவர் உட்கார்ந்து மறுபடி டைப் செய்கிறார். தானாகப் போய்ச் சேரும்படி இணைப்பது எப்படி?

பதில்:

இணைப்பு மென்பொருளுக்கு விலை கேட்பதற்கு முன்னால் ஒரு தாளை எடுத்து, எந்தத் தகவலுக்கு யார் சொந்தக்காரர் என்று எழுதுங்கள். சரக்குப் பெயர், இருப்பு, விலைப் பட்டியல், கடைக்காரரின் பாக்கி, வரி பில் எல்லாமே டாலிக்குச் சொந்தம். ஆர்டர் மட்டும் தளத்துக்குச் சொந்தம். டாலிக்குச் சொந்தமானது தளத்துக்குப் போகும், தளத்துக்குச் சொந்தமானது டாலிக்கு வரும். ஒரே தகவலை இரண்டு பக்கமும் திருத்தலாம் என்று விட்டால், மூன்றாம் நாள் எது சரியான விலை என்று யாராலும் சொல்ல முடியாது.

அடுத்தது அலகு. கெடும் இணைப்புகளில் பெரும்பாலானவை இங்கேதான் கெடுகின்றன. முந்திரியையே எடுத்துக்கொள்ளுங்கள். டபிள்யூ 240, டபிள்யூ 320 என்ற எண்கள் ஒரு பவுண்டில் எத்தனை முழுப் பருப்பு நிற்கும் என்பதைக் காட்டுகின்றன. டின்னோ 10 கிலோவிலும் வருகிறது, 25 பவுண்டு கணக்கில் 11.34 கிலோவிலும் வருகிறது. தளத்தில் கடைக்காரர் ‘2’ என்று அழுத்தும்போது அவர் மனதில் இருப்பது 2 டின். டாலியில் அந்தச் சரக்கின் அலகு கிலோ என்று இருந்தால் 2 கிலோவுக்கு ஆர்டர் விழும். எந்தப் பிழைச் செய்தியும் வராது. வண்டியில் ஏற்றும்போதுதான் தெரியும்.

அதனால் டாலியில் அடிப்படை அலகு கிலோ, மாற்று அலகு டின் என்று போடுங்கள். ஒரு சரக்குக்கு ஒரு மாற்று விகிதம்தான் என்பதால் 10 கிலோ டின்னும் 11.34 கிலோ டின்னும் தனித்தனிச் சரக்காக இருக்கட்டும். கிலோ அலகுக்குத் தசம இடம் 2 அல்லது 3 வையுங்கள். 0 என்று விட்டிருந்தால் 11.34 என்ற எண்ணுக்கு அங்கே இடமே இல்லை. தளத்திலிருந்து அனுப்பும்போது எண்ணோடு அலகின் பெயரும் சேர்ந்து போக வேண்டும்.

அரிசியில் இதே சிக்கல் வரியாக வருகிறது. பையில் அடைத்து லேபிள் ஒட்டிய அரிசி 25 கிலோ வரை 5 சதவீத ஜிஎஸ்டி. அதற்கு மேல் வரி இல்லை. 26 கிலோ மூட்டை சந்தைக்கு வந்த காரணமே அதுதான். தளத்தில் ‘சம்பா அரிசி’ என்று ஒரே பக்கத்தில் 10, 25, 26 கிலோ என மூன்று வகை காட்டலாம், தவறில்லை. டாலியில் மூன்றும் வெவ்வேறு சரக்காக, ஒவ்வொன்றும் தன் வரி விகிதத்தோடு இருக்க வேண்டும்.

ஒவ்வொரு வகைக்கும் தளத்தில் ஒரு எஸ்கேயு (சரக்கை அடையாளம் காட்டும்) குறியீடு கொடுங்கள். அதையே டாலியில் அந்தச் சரக்கின் மாற்றுப் பெயராகப் பதியுங்கள். டாலி சரக்கையும் லெட்ஜரையும் (ஒவ்வொருவர் பெயரிலும் உள்ள கணக்கு) பெயரை வைத்துத்தான் தேடுகிறது. கணக்கர் ஒருநாள் ‘முந்திரி 320’ என்பதை ‘முந்திரி 320 முதல் தரம்’ என்று மாற்றினால் அன்று முதல் அந்தச் சரக்கு உள்ள ஆர்டரெல்லாம் திரும்பி வரும். குறியீட்டைக் கொண்டு அன்றைய பெயரைத் தேடி எடுத்து அனுப்பினால் இந்தத் தொல்லை இல்லை. கடைக்காரர் லெட்ஜருக்கும் இப்படியே: ஒரு வாடிக்கையாளர் எண், அது இரண்டு பக்கமும் ஒன்றே.

இனி இணைப்பு. டாலி பிரைமில் எஃப்1, செட்டிங்ஸ், கனெக்டிவிட்டி என்று போனால் கிளையன்ட் சர்வர் அமைப்பு இருக்கும். அதில் ‘போத்’ (இரண்டும்) என்று தேர்ந்தெடுத்து, போர்ட் (மற்ற புரோகிராம்கள் டாலியோடு பேசும் வாசல் எண்) 9000 என்று வையுங்கள். அதன்பின் அந்தக் கணினியில் டாலி திறந்திருந்து, உங்கள் கம்பெனியும் ஏற்றப்பட்டிருந்தால், எக்ஸ்எம்எல் (குறிகளுக்குள் தகவலை அடுக்கி எழுதும் முறை) வடிவில் அனுப்புவதை அது வாங்கிக்கொண்டு பதில் தரும். இந்த 9000 போர்ட்டை ரௌட்டரில் இணையத்துக்குத் திறந்துவிடவே கூடாது. முகவரி தெரிந்த எவரும் உங்கள் கணக்கைப் படிக்கவும் பதிவு போடவும் வழி ஆகிவிடும். யாராவது ‘அதுதான் சுலபம்’ என்று சொன்னால் அந்த ஆளிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

சரியான வழி, கடைக் கணினியிலேயே ஒரு சிறிய புரோகிராம் ஓடுவது. அது 5 நிமிடத்துக்கு ஒருமுறை தளத்தின் ரெஸ்ட் ஏபிஐயிடம் (மற்ற புரோகிராம்கள் தகவல் கேட்டு வாங்கும் வழி) ‘புது ஆர்டர் உண்டா’ என்று கேட்டு, எடுத்து, டாலிக்குக் கொடுக்கும். வெப்ஹூக் (ஆர்டர் விழுந்ததும் தளம் தானே அனுப்பும் செய்தி) வைத்துத் தளமே தள்ளும்படி செய்யலாம், ஆனால் தொடர்ந்து 5 முறைக்கு மேல் போய்ச் சேராவிட்டால் வூகாமர்ஸ் அந்த வெப்ஹூக்கைத் தானே நிறுத்திவிடும். ராத்திரி கரண்ட் போய், காலையில் கடை திறக்கும்போது இணைப்பு செத்துக் கிடக்கும், யாருக்கும் தெரியாது. கேட்டு வாங்கும் முறையில், கணினி எழுந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

ஆர்டரை டாலியில் சேல்ஸ் ஆர்டராக (பில் ஆகாத ஆர்டர் பதிவு) மட்டும் பதியுங்கள், நேராக விற்பனை பில்லாக வேண்டாம். சரக்கு எடுத்து வைத்து, எடை பார்த்து, இல்லாததை நீக்கிய பிறகு கணக்கர் அதிலிருந்து பில் போடட்டும். வரி பில் எண் வரிசை டாலியில் ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும். தளம் தன் பங்குக்கு ‘இன்வாய்ஸ்’ என்று ஒரு பிடிஎஃப் அனுப்பினால், கடைக்காரர் அந்த எண்ணைத் தன் கணக்கில் எழுதுவார், உங்கள் ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை விவர) ரிட்டர்னில் வேறு எண் இருக்கும், உள்ளீட்டு வரி (வாங்கும்போது கட்டிய வரியின் கழிவு) கேட்டு அவர் உங்களிடம்தான் வருவார். தளத்தின் தாளில் ‘ஆர்டர் உறுதிச் சீட்டு’ என்று மாற்றிவிடுங்கள். ஆண்டு விற்பனை 5 கோடியைத் தாண்டியிருந்தால் இ-இன்வாய்ஸும் (அரசுத் தளத்தில் பதியும் பில்) டாலியிலிருந்தே போகட்டும்.

பாறசாலைக் கடைக்காரர் விஷயத்தைத் தனியாகச் சோதியுங்கள். ஜிஎஸ்டி எண்ணின் முதல் இரண்டு இலக்கம் மாநிலக் குறியீடு: தமிழ்நாடு 33, கேரளம் 32. வழக்கமாக அவர் கடைக்கே சரக்கு போகிறதென்றால் 32-க்கு ஐஜிஎஸ்டி (மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்குக்கான வரி), 33-க்கு மத்திய வரியும் மாநில வரியும் பாதிப் பாதி. தளத்தில் பதிவு செய்யும்போதே 15 எழுத்து எண்ணைக் கட்டாயமாக்கி, முகவரியில் உள்ள மாநிலத்தோடு ஒப்பிட்டு, பொருந்தாவிட்டால் கணக்கைத் திறக்காமல் வையுங்கள். இ-வே பில் (சரக்கு வண்டியில் போக இணையத்தில் எடுக்கும் சீட்டு) வரம்பும் மாறும். தமிழ்நாட்டுக்குள் 1 லட்சம், எல்லை தாண்டினால் 50,000, இரண்டும் வரி சேர்த்த மதிப்பு. களியக்காவிளையில் இறக்கும் அதே 60,000 ரூபாய்ச் சரக்கு, அப்பால் போனால் இ-வே பில் வேண்டும்.

இருப்பை அனுப்பும்போது டாலியின் முடிவு இருப்பை அப்படியே அனுப்பாதீர்கள். 40 டின் இருக்கிறது, பில் ஆகாத ஆர்டர் 12, ஃபோனில் வரும் ஆர்டருக்காக 3 ஒதுக்கு. தளத்தில் 25 காட்டுங்கள். 15 நிமிடத்துக்கு ஒருமுறை போதும். முழுப் பட்டியலையும் ஒவ்வொரு முறையும் கேட்டால் அந்த நேரம் பில் போடுகிறவரின் திரை உறைந்து நிற்கும். டாலியில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஆல்டர்ஐடி என்ற எண் ஏறும். சரக்கு, லெட்ஜர், வவுச்சர் (ஒவ்வொரு வரவு செலவுப் பதிவு) எதிலும் கடைசியாகப் பார்த்த எண்ணுக்கு மேல் உள்ளதை மட்டும் கேளுங்கள். ஆர்டர் அதிகமென்றால் பல கணினிகளில் ஓடும் கோல்டு உரிமம் எடுத்து, இணைப்புக்கென்று இரண்டாவது கணினியில் டாலியை ஓடவிடுவது நல்லது.

பாக்கி வரம்பைத் தளத்தில் காட்டலாம், அதை வைத்து ஆர்டரை மறுக்க வேண்டாம். லைனுக்கு (கடை கடையாக வசூலுக்கு) போனவர் வாங்கிய செக் சாயங்காலம்தான் டாலியில் ஏறும். பணம் கொடுத்துவிட்ட கடைக்காரருக்கு மத்தியானம் ‘வரம்பு தாண்டியது’ என்று வந்தால் அவர் முகம் கோணிவிடும். வரம்பு தாண்டிய ஆர்டர் ‘பார்வைக்கு’ என்று நிற்கட்டும், முதலாளி ஒரு அழுத்தில் விடட்டும்.

விலை விஷயம் சுருக்கமாக. ஆர்டர் போட்ட நேரத்து விலையையே சேல்ஸ் ஆர்டரில் அனுப்புங்கள், டாலி தானாக அன்றைய விலையை எடுக்க விடாதீர்கள். தளத்தில் விலையை வரி நீங்கலாகப் பதியுங்கள். அப்படியும் சில பைசா வித்தியாசம் வரும், அதை ஏற்றிக்கொள்ள டாலியில் ரவுண்ட் ஆஃப் லெட்ஜர் ஒன்று வையுங்கள்.

புரோகிராம் எழுதுகிறவர் தடுக்கி விழும் இடங்களையும் சொல்லிவிடுகிறேன். கடைப் பெயரில் ‘&’ இருந்தால், அதை எக்ஸ்எம்எல் முறைப்படி மாற்றி எழுதாவிட்டால் முழுப் பதிவும் திரும்பும். பாதி மொத்தக் கடைகளின் பெயரில் அந்தக் குறி உண்டு. குறியாக்கம் (எழுத்துகளைக் கணினி எண்களாகச் சேமிக்கும் முறை) பொருந்தாவிட்டால் தமிழ்ப் பெயர்கள் கேள்விக்குறிகளாக வந்து நிற்கும். தேதியில் இந்திய நேரத்துக்குப் பதில் ஜிஎம்டி (கிரீன்விச்) நேரத்தை எடுத்துவிட்டால், நள்ளிரவு முதல் காலை 5.30 வரை வரும் ஆர்டர் முந்தைய நாளில் விழும்; ஏப்ரல் 1 அன்று அது முந்தைய நிதியாண்டு. பரிசோதனைக்கு எஜுகேஷனல் முறையில் (உரிமம் இல்லாத பயிற்சி முறை) டாலியைத் திறந்தால் எல்லாத் தேதியையும் ஏற்காது, மாதத்தின் 1, 2, 31 மட்டும்தான். அதைப் பிழை என்று நினைத்து நாள்கணக்கில் தேடாதீர்கள்.

எல்லாவற்றையும்விட மோசமானது இரட்டைப் பதிவு. டாலி பதிந்துவிட்டது, பதில் வருவதற்குள் கரண்ட் போனது. புரோகிராம் மறுபடி அனுப்புகிறது, 20 டின் 40 ஆகிறது. தள ஆர்டர் எண்ணை சேல்ஸ் ஆர்டரின் ஆர்டர் எண்ணாகப் பதிந்து, மறுபடி அனுப்பும் முன் ‘இந்த எண் இருக்கிறதா’ என்று டாலியிடம் கேட்டே அனுப்ப வேண்டும். டாலியின் பதிலில் எத்தனை உருவானது, எத்தனை பிழை என்று எண் வரும். ‘பதில் வந்தது’ என்பதை வெற்றியாக எடுக்காமல், உருவானது 1 என்று இருந்தால் மட்டும் ஆர்டரை முடிந்ததாகக் குறிக்கட்டும். மற்றவை சிவப்பில் ஒரு பட்டியலாக, தினமும் காலையில் ஒருவர் பார்க்கும்படி இருக்கட்டும்.

தொடங்கும்போது கம்பெனி டேட்டாவின் நகலில் இரண்டு வாரம் ஓட்டுங்கள். டைப் செய்யும் ஆளும் வழக்கம்போல் உண்மைக் கணக்கில் செய்யட்டும். இரண்டு பக்க ஆர்டர் மொத்தத்தையும் தினமும் ஒப்பிடுங்கள். ஓணத்துக்கும் கிறிஸ்துமஸுக்கும் முந்தைய மூன்று வாரம் இதில் கை வைக்காதீர்கள். இருப்பு எண்ணி முடித்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மாற்றுங்கள். திங்களன்று முதல் பத்து ஆர்டரையும் டின், கிலோ, வரி மூன்றையும் விரல் வைத்துச் சரிபார்த்த பிறகே வண்டியில் ஏற்றுங்கள்.